சீட் இல்லாத சைக்கிளும் வைத்திக்குப்பத்துக் கற்களும்

என் சைக்கிளைப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது "சீட்டு எங்கப்பா?" என்றுதான். முத்தியால்பேட்டை டீக்கடையில் கேட்பார்கள். வைத்திக்குப்பத்தில் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள் கேட்பார்கள். "இதுக்கு சீட்டே கிடையாதுண்ணே" என்றால் பாதிப் பேர் நம்புவதில்லை. யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டதாக நினைத்து, "பூட்டி வைக்கக் கூடாதாப்பா" என்று வருத்தப்படுவார்கள். நான் சைக்கிளோடு கல்லின்மேல் ஏறி நிற்பதைப் பார்த்த பிறகு அடுத்ததாக ஒன்று சொல்வார்கள்: "உனக்குத் தைரியம் ஜாஸ்தி." அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. ஏன் வருவதில்லை என்பதை ஒருமுறை உட்கார்ந்து எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் விளையாட்டின் பெயர் பைக் டிரயல்ஸ். பெயரைக் கேட்டதும் மோட்டார் வண்டியை நினைத்துவிட வேண்டாம். நான் ஓட்டுவது மிதிவண்டி. பாறை, சுவர், மரக்கட்டை, கேபிள் உருளை என்று வழியில் எது இருந்தாலும் காலைத் தரையில் ஊன்றாமல் கடந்து போக வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. முந்துவதற்கு இதில் யாரும் இல்லை. போட்டியில் ஒரு பகுதியைக் கடக்க 2 நிமிடம் தருவார்கள். அந்த 2 நிமிடத்தில் ரைடர் பெரும்பாலும் ஏதாவது ஒரு கல்லின் முனையில் நிலைகொண்டு அடுத்த கல்லைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு காலை ஊன்றினால் 1 தண்டப் புள்ளி. விழுந்தால் 5, அந்தப் பகுதி அத்தோடு சரி. இதுதான் பழைய கணக்கு. இப்போது உலக சைக்கிள் சம்மேளனமான யூசிஐ நடத்தும் போட்டிகளில் பகுதிக்கு 6 வாசல்கள், அதாவது கடந்தாக வேண்டிய குறியிட்ட இடங்கள் வைத்து, சரியாகத் தாண்டும் ஒவ்வொரு வாசலுக்கும் 10 புள்ளி தருகிறார்கள். கணக்கு தலைகீழானாலும் காலை ஊன்றாதே என்பது அப்படியே இருக்கிறது.

இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விதி வேறொன்று. போட்டிக்கு முன்னால் பாதையை நடந்து பார்க்கலாம், சைக்கிளில் ஏறிப் பார்க்கக் கூடாது. கல்லைத் தொடலாம், மிதித்துப் பார்க்கலாம், இடைவெளியைக் காலடியால் அளக்கலாம். சக்கரம் மட்டும் படக் கூடாது. அதாவது உங்கள் மனசுக்குள் போடும் கணக்கு சரியா தவறா என்பது ஆட்டம் தொடங்கிய பிறகுதான் தெரியும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அதையே விதியாக எழுதி வைத்திருக்கும் விளையாட்டு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

நான் பழகுவது வைத்திக்குப்பத்துக்கும் குருசுக்குப்பத்துக்கும் பக்கத்தில், கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்களில். இந்தக் கற்கள் எப்படி வந்தன என்பது பாண்டியில் கொஞ்சம் வயதான யாரைக் கேட்டாலும் தெரியும். அவர்கள் சின்ன வயதில் இங்கே மணல் இருந்தது. 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர்களை நீட்டினார்கள். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். குறுக்கே சுவர் வந்ததும் மணல் தெற்குப் பக்கமே தங்கிவிட்டது. வடக்கே இருக்கும் நகரத்துக்கு வரவேண்டியது வரவில்லை, கடல் கரையைத் தின்னத் தொடங்கியது, அதை நிறுத்தக் கல் கொட்டினார்கள். 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கு அடியில் ஆப்பு வடிவத்தில் இரும்புத் தடுப்பு ஒன்றை இறக்கிய பிறகு அந்தப் பக்கம் மணல் திரும்பி வந்திருக்கிறது. குப்பத்துப் பக்கம் இன்னும் கல்தான். படகு ஏற்ற இடமில்லாமல் தவிக்கும் மனிதர்களுக்கு நடுவே அதே கல்லில் விளையாடுகிறேன் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. அதனால் படகு இறங்கும் நேரத்திலும் மீன் வரும் நேரத்திலும் அந்தப் பக்கம் போவதில்லை.

ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்குத் தாண்டுவது எப்படி என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் தைரியம் பற்றி நான் சொல்ல வருவது விளங்கும். முதலில் வண்டியைக் கீழே வைத்துவிட்டு நடந்து போய் இரண்டு கற்களையும் மிதிப்பேன். ஆடுகிறதா? ஒரு கல் ஆடினால் அதன் அடியில் சின்னதாகக் 'கடக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் அந்தக் கல்லை மறந்துவிட வேண்டியதுதான். அடுத்து, ஈரம். பாசி எங்கே முடிகிறது, உலர்ந்த பரப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பேன். பிறகு விளிம்பு. பின்சக்கரம் வந்து உட்காரப்போவது அதிகம் போனால் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும் ஒரு விளிம்பில். அது கூர்மையாக இருந்தால் டயர் கிழியும், மழமழவென்று உருண்டிருந்தால் வழுக்கும். இடைவெளியை வண்டியைக் குறுக்கே படுக்கவைத்து அளந்துகொள்வேன். கடைசியாக, தவறினால் எங்கே விழுவேன் என்று பார்ப்பேன். விழும் இடம் சரியில்லை என்றால் தாண்டும் தூரம் எவ்வளவு சுலபமாக இருந்தாலும் அங்கே தாண்டமாட்டேன்.

இவ்வளவுக்கும் பிறகுதான் வண்டியில் ஏறுவது. பின்சக்கரத்தை விளிம்பில் வைத்து, பின் பிரேக்கை ஒரு விரலால் பிடித்து, முன்சக்கரத்தைத் தூக்கி, பின்சக்கரத்தின்மேல் மட்டும் நிற்க வேண்டும். கை இரண்டும் நீண்டிருக்கும், முழங்கால் மடங்கியிருக்கும், வலது பெடல் படுக்கை நிலைக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். பார்வை அடுத்த கல்லில் சக்கரம் இறங்கப்போகும் இடத்தில். நடுவில் இருக்கும் பள்ளத்தைப் பார்த்தால் உடம்பும் அங்கேதான் போகும். பிரேக்கை விடுவதும் பெடலை உதைப்பதும் ஒரே நொடியில் நடக்க வேண்டும். கால்வாசிச் சுற்றுகூட மிதிப்பதில்லை, அதற்குள் உடம்பு முழுவதும் நிமிர்ந்து முன்னால் பாய்ந்துவிடும். இறங்கும்போது பிரேக் மறுபடியும் இறுகியிருக்க வேண்டும். பிரேக்கை ஒரு கண் இமைப்பு முன்னால் விட்டால் உதைக்கும் முன்பே சறுக்கும், ஒரு கண் இமைப்பு பின்னால் விட்டால் உதை வீணாகும். பைபர் படகைக் கடலில் தள்ளும் அண்ணன்கள் அலையைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள், நிற்பார்கள், திடீரென்று எல்லோரும் சேர்ந்து தள்ளுவார்கள். அந்தத் தள்ளலைத் தைரியம் என்று யாரும் சொல்வதில்லை, அலை தெரிந்தவர்கள் என்றுதான் சொல்கிறோம். என்னையும் அப்படிச் சொன்னால் சந்தோஷப்படுவேன்.

புயல் அடித்தால் மொத்தக் கணக்கையும் முதலிலிருந்து போட வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது பாண்டியில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். தண்ணீர் வடிந்த பிறகு நான் போய்ப் பார்த்தபோது, கண்ணை மூடிக்கொண்டு ஏறிய கற்கள்கூட இடம் மாறியிருந்தன. ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நின்றவை பிரிந்து கிடந்தன. சைக்கிளை எடுக்காமல் கொஞ்ச நாள் நடந்து நடந்து மிதித்துப் பார்த்ததோடு சரி.

வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த வகைச் சைக்கிள் பிறந்த கதை எனக்குப் பிடிக்கும். ஸ்பெயினில் கட்டலோனியாவைச் சேர்ந்த பேரே பீ என்பவர் மோட்டார் பைக் டிரயல்ஸ் வீரர், மோண்டெசா மோட்டார் சைக்கிள் நிறுவனத்தோடு இருந்தவர். சின்னப் பையனாக இருந்த தன் மகன் ஓட் பீ பழகுவதற்காகச் சைக்கிள் ஒன்றை உருவாக்கிக் கொடுத்தார். அதிலிருந்து மோண்டி என்ற சைக்கிள் வந்தது, மகன் உலக சாம்பியன் ஆனார். 1986 முதல் யூசிஐ இதற்கு உலகப் போட்டி நடத்துகிறது. 20 அங்குலச் சக்கரம், 26 அங்குலச் சக்கரம் என்று இரண்டு பிரிவு. என்னுடையது 20. முன் பல்சக்கரத்தில் 18 பல், பின்னால் 12. சாலையில் ஓட்டினால் கால் பம்பரமாகச் சுற்றும், வண்டி நகராது. ஆனால் ஒரு உதைக்குக் கிடைக்கும் பலம் வேறு எதிலும் வராது. மிதிக்காதபோதும் சக்கரத்தைச் சுற்றவிடும் பாகமான ஃப்ரீவீல் சாதாரணச் சைக்கிளில் பின்சக்கரத்தில் இருக்கும், இதில் முன்னால், பெடல் பக்கம் இருக்கும். உதைத்த உடனே பிடிக்க வேண்டும் என்பதற்காக அதற்குள் பற்கள் நெருக்கமாக வைத்திருப்பார்கள். பின்டயரில் காற்று குறைவாக இருக்கும், அப்போதுதான் கல்லின் விளிம்பில் அமுங்கிப் பிடிக்கும்.

பிரேக்தான் உயிர். எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ரிம் பிரேக் போட்டிருக்கிறேன். புது ரிம் பளபளவென்று இருந்தால் பிரேக் கட்டை பிடிக்காது. அதனால் கிரைண்டர் பிடித்து ரிம்மின் பக்கவாட்டைச் சொரசொரப்பாக்க வேண்டும். எங்கள் தெருமுனையில் இருக்கும் வெல்டிங் பட்டறை அண்ணனிடம் முதன்முதலில் கொண்டுபோனபோது, "நல்லா இருக்கிற ரிம்ம ஏம்பா கெடுக்கிற?" என்று கையை இழுத்துக்கொண்டார். விளக்கியதும் செய்து தந்தார். இப்போது என்னைவிட அவருக்கே கை பழகிவிட்டது. கிரைண்டர் டிஸ்க்கைச் சாய்த்துப் பிடித்து, ரிம்மைச் சீராகச் சுற்றவிட்டு, பொறி எவ்வளவு பறக்கிறது என்பதை வைத்தே ஆழத்தைச் சொல்லிவிடுவார். ஆழமாக வெட்டினால் கட்டை சீக்கிரம் தேயும், லேசாக வெட்டினால் ஒரு வாரத்தில் மழுங்கிவிடும். ஸ்பேர் சாமான் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருப்பதால் கட்டையை வீணடிக்க முடியாது. இந்த ஊரில் உப்புக்காற்று வேறு. கல்லில் ஓட்டிவிட்டு வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடாவிட்டால் மறுநாள் காலையில் செயின் சிவந்திருக்கும். மார்கழி மாதம் விடியற்காலையில் ரிம்மில் பனி படிந்திருக்கும். முதல் சில பிடிப்புகள் வழுக்கும். தரையிலேயே பிரேக் பிடித்துப் பிடித்துக் காயவைத்த பிறகுதான் கல் பக்கம் போவேன்.

வேலை சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில், மெயின்டெனன்ஸ் எலக்ட்ரீஷியன். ஷிப்ட் மாறி மாறி வரும். நைட் ஷிப்ட் முடிந்து வரும் காலையில் வண்டியைத் தொடுவதே இல்லை. உடம்பில் தெம்பு இருக்கும், ஆனால் தூரம் கண்ணுக்குத் தப்பாகத் தெரியும். அது அனுபவத்தில் கண்டது. தைரியம் மட்டும் போதும் என்றால் தூக்கமில்லாத காலையிலும் ஓட்டலாம், அப்போது பயம்கூடக் குறைவாகத்தான் இருக்கும். பயம் குறைந்திருக்கும் நாளில் எனக்கு என்மேல் நம்பிக்கை கிடையாது.

வீலிங் பசங்களோடு என்னைச் சேர்த்துப் பேசுவதுதான் எனக்கு வலிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈசிஆரில் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்களே, அவர்களைத்தான் சொல்கிறேன். அவர்களிடம் தைரியம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. அந்தத் தைரியத்துக்கு விலை கொடுப்பது எதிரே டிவிஎஸ் எக்செல்லில் காய்கறி மூட்டையோடு வரும் ஒருவர். அவர் இந்த ஆட்டத்துக்குச் சம்மதிக்கவில்லை. என் விளையாட்டில் தவறினால் அடிபடுவது என் முழங்காலும் முன்னங்காலும் மட்டும்தான். முன்னங்காலுக்குக் காப்புக் கட்டியிருப்பேன், தலையில் ஹெல்மெட் இருக்கும். பெடலில் இருக்கும் இரும்பு முட்கள் முன்னங்கால் எலும்பில் இறங்கினால் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் அந்தக் காப்பைக் கழற்றமாட்டார்கள்.

ரீல்ஸும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அதில் தெரிவதெல்லாம் சக்கரம் சரியாக வந்து உட்காரும் கடைசி மூன்று நொடி. நடந்து மிதித்துப் பார்த்ததும், வேண்டாம் என்று திரும்பி வந்ததும் தெரிவதில்லை. எடின்பரோவில் சைக்கிள் கடை மெக்கானிக்காக இருந்த டேனி மெக்கஸ்கில் 2009 ஏப்ரலில் வெளியிட்ட வீடியோதான் உலகம் முழுக்க இந்த விளையாட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கூர்முனை இரும்பு வேலியின்மேல் சைக்கிள் ஓட்டுவார். அதைப் பற்றிப் பேசும் எல்லோரும் அந்த ஓட்டத்தைத்தான் சொல்கிறார்கள். அதே வேலியில் அவர் முயன்று தவறியதும் அந்த வீடியோவிலேயே இருக்கிறது. என்னிடம் கற்றுக்கொள்ள வரும் பையன்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்தப் பகுதியை.

எங்கே ஓட்டலாம் என்பதைவிட எங்கே ஓட்டக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் அதிகம். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுக் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. அந்த மேடையின் படிகள் பார்ப்பதற்கு எங்களுக்காகவே அளந்து வைத்தது மாதிரி இருக்கும். வெளியூரிலிருந்து வரும் சில ரைடர்களுக்கு அதைப் பார்த்ததும் கை பரபரக்கும். வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். டிரயல்ஸ் வண்டியின் அடியில் பல்சக்கரத்தைக் காக்க ஒரு தகடு இருக்கும், அது உரசினால் கல்லில் வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோடு மழையில் போகாது. போர் நினைவுச் சின்னம், கோயில் குளத்துப் படி, மாதா கோயில் வாசல் எதிலும் சக்கரம் படக் கூடாது. எங்கள் பக்கத்துத் தெருக்களில் இன்னும் சில பழைய வீடுகளில் திண்ணை இருக்கிறது. பக்கவாட்டில் ஏறிப் பழகுவதற்கு அதைவிடச் சரியான உயரம் கிடைக்காது. ஆனால் அது மதியம் ஒரு பாட்டி தலைசாய்க்கும் இடம்.

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளை விடுவதில்லை. ஊரே நடக்க வரும் நேரம் அது, அதனால் அந்த நேரத்தில் அங்கே போவதில்லை. ஒருமுறை மற்ற நேரத்தில் கல்லில் நின்றபோது போலீஸ்காரர் ஒருவர், "எறங்குப்பா, உன்னப் பாத்து நாலு பேரு ஏறுவான்" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. செல்பி எடுக்க அந்தக் கற்களில் இறங்கிப் பாசியில் வழுக்கியவர்களைக் குப்பத்து ஆட்கள்தான் ஓடிப்போய்த் தூக்குகிறார்கள். அதிலிருந்து, சுற்றுலா வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். கைதட்டல் கிடைக்கும் இடத்தில் ஓட்டாதே என்று பையன்களுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

பாறை வேண்டும் என்றால் செஞ்சிப் பக்கம் போவோம். கோட்டைக்குள் இல்லை, அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, அப்படியே இருக்கட்டும். சாலையை விட்டு உள்ளே போனால் வயல்களுக்கு நடுவே யானை யானையாகப் பாறைகள் கிடக்கும். நிலத்துக்காரரைக் கேட்டுவிட்டு ஏறுவோம். "கல்லுதானே, ஏறுங்க, கெணத்துப் பக்கம் போவாதீங்க" என்பார்கள். கடற்கரைக் கல்லில் பழகியவனுக்குச் செஞ்சிப் பாறை சொர்க்கம். மேற்பரப்பு மணல்தாள் மாதிரி பிடிக்கும், உப்பு கிடையாது, பாசி கிடையாது, ஆடாது. நாள் முழுக்க ஓட்டிவிட்டுத் திண்டிவனம் வழியாக இருட்டும் நேரத்துக்கு வீடு வந்தால் அம்மா கையைப் பார்ப்பார், காலைப் பார்ப்பார், பிறகுதான் சோறு போடுவார்.

குப்பத்துப் பையன்கள் சிலர் வருகிறார்கள். பழைய சைக்கிளில் சீட்டைக் கீழே இறக்கி, நின்று பழகுகிறார்கள். "ணா, பிரேக்க எப்ப வுடணும்?" என்ற கேள்வி வந்துவிட்டால் அந்தப் பையன் தேறிவிடுவான் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு உயரம் தாண்டலாம் என்று மட்டும் கேட்கும் பையன் ஒரு மாதம் தாங்கமாட்டான். ஒரு பெண்ணும் வருகிறாள், ஒன்பதாவது படிக்கிறாள். அவள் அம்மா, "பொம்பளப் புள்ள, மூஞ்சி கீஞ்சி கிழிஞ்சா யாருப்பா பதில் சொல்றது?" என்று நேரில் வந்தே கேட்டார். நியாயமான கேள்வி. "ஒரு தடவ வந்து பாருங்கக்கா" என்றேன். வந்தார், நடைபாதை விளிம்பு உயரத்துக்கு மேல் அவளை ஏறவிடுவதில்லை என்று பார்த்தார், ஹெல்மெட் பட்டையை இழுத்துப் பார்த்தார். சுவிட்சர்லாந்தின் காரின் மோர், ஜெர்மனியின் நீனா ரைக்கென்பாக் இருவரும் இதில் பலமுறை உலக சாம்பியன் ஆனவர்கள் என்று போனில் காட்டினேன். இப்போது அவரே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறார். நிலைகொள்வதில் அந்தப் பெண்ணுக்கு இணையாக அங்கே ஒரு பையனும் இல்லை.

உப்பளம் மைதானத்தில் ஒரு மூலை கிடைத்தால் இவர்களைக் கற்களிலிருந்து கூட்டிக்கொண்டு போய்விடுவேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம். காலியான கேபிள் உருளைகள், லாரி டயர்கள், வெட்டிப்போட்ட பனை மரங்கள், நான்கைந்து பாறைகள். மழையில் கிடந்தாலும் கெடாத சாமான்கள். கிரிக்கெட் பிட்ச் ஒன்றைப் பராமரிக்கும் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது என்று நினைக்கிறேன். கேட்டுக்கொண்டிருக்கிறேன், இன்னும் கேட்பேன்.

இதைப் படித்துவிட்டு யாருக்காவது ஆசை வந்தால், விலை உயர்ந்த வண்டி எதையும் தேடாதீர்கள். வீட்டில் இருக்கும் சைக்கிளின் சீட்டை முடிந்தவரை கீழே இறக்கிவிட்டு, இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க எழுந்து நில்லுங்கள். முன்சக்கரத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, காலை ஊன்றாமல் ஒரே இடத்தில் நிற்கப் பழகுங்கள். அது வரும்வரை எதன்மேலும் ஏற வேண்டாம். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் அதை முதலில் மாற்றிவிடுங்கள், எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும்.